பேட்டில் மாளிகையின் மாக்டலென்: புராட்டஸ்டன்ட் இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கச் சீமாட்டி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மாக்டலென்?

மோன்டேகு கோமகனின் மனைவி. 1538 ஜனவரியில் இங்கிலாந்தின் வட எல்லையில், நாவொர்த் கோட்டையில் பிறந்தார். தந்தை மூன்றாம் டேக்கர் பிரபு. பதின்மூன்று வயதில் பெட்ஃபோர்டு சீமாட்டியின் வீட்டுக்குத் தோழிப் பெண்ணாக அனுப்பப்பட்டார். பெரிய வீட்டு நடைமுறைகளைக் கற்றுக்கொள்ளப் பிரபுக் குடும்பத்துப் பெண்களை இப்படி அனுப்புவது அன்றைய வழக்கம். பதினாறு வயதில் ராணி முதலாம் மேரியின் அரண்மனையில் இருந்தார். 1554 ஜூலை 25 அன்று வின்செஸ்டரில் மேரிக்கும் ஸ்பெயின் இளவரசர் பிலிப்புக்கும் நடந்த திருமண ஊர்வலத்திலும் நடந்துசென்றார். அந்த ஆட்சி முடிவதற்குள் முதலாம் மோன்டேகு கோமகன் ஆண்டனி பிரவுனை மணந்தார். அவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் மனைவி ஜேன் 1552இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற பிரசவத்தில் இறந்துவிட்டார். மாக்டலெனுக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள்.

1592இல் கணவர் இறந்தபின் பதினாறு ஆண்டுகள் பேட்டில் என்ற ஊரில் கைம்பெண்ணாக வாழ்ந்து 1608இல் மறைந்தார். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அந்தப் பதினாறு ஆண்டுகளைப் பற்றியதுதான்.

ஆண்டது யார்? மதம் எத்தனை முறை மாறியது?

எட்டாம் ஹென்றி 1534இல் ரோமோடு உறவை முறித்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில் (1547–1553) வழிபாடே புராட்டஸ்டன்ட் முறைக்கு மாறியது. மேரி (1553–1558) கத்தோலிக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 1558 நவம்பரில் எலிசபெத் அரியணை ஏறியதும் எல்லாம் மறுபடி மாறியது. 1603 முதல் முதலாம் ஜேம்ஸ். ஆக மாக்டலென் தம் இருபத்தோராம் வயதுக்குள் மூன்று மாற்றங்களைப் பார்த்துவிட்டார். எலிசபெத் ஆட்சியின் தொடக்கத்தில் கத்தோலிக்கர் பலர், "இதுவும் மாறும், பொறுத்திருப்போம்" என்று இருந்ததற்கு இந்த அனுபவம்தான் காரணம்.

சட்டப்படி எது குற்றம்? தண்டனை என்ன?

ஒரே நாளில் வந்த சட்டமல்ல, ஐம்பது ஆண்டுகளில் அடுக்கடுக்காக வந்தது. எந்த ஆண்டு நடந்த நிகழ்ச்சி என்று பார்த்துவிட்டுத்தான் எது குற்றம் என்று சொல்ல முடியும்.

1559: ஞாயிறன்று அரசுத் திருச்சபையின் கோயிலுக்கு வராவிட்டால் வாரத்துக்கு 12 பென்ஸ். 1571: ரோமிலிருந்து வந்த ஜெபமாலை, சிலுவை, புனிதப்படுத்திய மெழுகுப் பதக்கம் ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுப்பதும் வாங்குவதும் சொத்துப் பறிமுதல் வரை போகும் குற்றம். 1581: கோயிலுக்கு வராதவருக்கு மாதம் 20 பவுண்டு. திருப்பலி (கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான பூசை) நிறைவேற்றும் குருவுக்கு 200 மார்க், பங்கேற்றவருக்கு 100 மார்க், இருவருக்குமே ஓராண்டுச் சிறை. 1585: 1559க்குப் பிறகு வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் நாட்டுக்குள் இருப்பதே ராஜத்துரோகம், தெரிந்தே அவருக்கு இடம் கொடுத்தவருக்கு மரணதண்டனை. 1587: அபராதம் கட்டாதவரின் பொருள்கள் முழுவதையும், நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். 1593: தண்டிக்கப்பட்ட கத்தோலிக்கர் தம் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் உரிமச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது.

கோயிலுக்கு வர மறுத்தவர்களுக்கு 'ரெக்யூசன்ட்' என்று பெயர். மனத்துக்குள் கத்தோலிக்கராக இருப்பதற்குத் தண்டனை கிடையாது. வராமல் இருப்பது, திருப்பலி, குரு, பொருள்கள் என்று கண்ணுக்குத் தெரிவதைத்தான் சட்டம் பிடித்தது.

20 பவுண்டு என்பது எவ்வளவு பெரிய தொகை?

ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக 20 பவுண்டு 4,800 பென்ஸ். தினம் 12 பென்ஸ் வாங்கும் தேர்ந்த கைவினைஞருக்கு அது 400 நாள் கூலி. 'மாதம்' என்று சட்டம் சொன்னது 28 நாளை, ஆகவே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், 260 பவுண்டு. நடுத்தர நிலக்கிழார் ஒருவருக்கு ஆண்டு வருமானமே அவ்வளவு தேறாது. முழுத் தொகையையும் தொடர்ந்து கட்டியவர்கள் கொஞ்சம் பேரே. மற்றவர்கள் நிலத்தை இழந்தார்கள், அல்லது நிலத்தைப் புராட்டஸ்டன்ட் உறவினர் பெயரில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு: 100 மார்க் என்றால் 66 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ்.

பல வீடுகளில் கணவர் கோயிலுக்குப் போனார், மனைவி போகவில்லை. ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் இந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பெண்களின் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும்.

ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. அவளுடைய நகை, பணம், நிலத்தின் வருமானம் எல்லாம் கணவனின் கையில். அவளுக்கு அபராதம் போட்டால் எதைப் பறிமுதல் செய்வது? அவள் பெயரில் ஒன்றும் இல்லை. கணவன் குற்றம் செய்யாதபோது அவன் சொத்தைத் தொடவும் சட்டத்தில் தெளிவான வழி இல்லை. பெண்ணை முடக்கிவைத்த அதே விதி, அபராதத்திலிருந்து அவளைக் காத்தது. 1593ஆம் ஆண்டுச் சட்டம் ஏழை ரெக்யூசன்ட்களை நாடு கடத்தலாம் என்றது. அதிலும் மணமான பெண்களுக்கு விலக்கு இருந்தது.

குடும்பங்கள் இதைக் கண்டுகொண்டன. குடும்பத் தலைவர் எப்போதாவது கோயிலுக்குப் போய் முகத்தைக் காட்டுவார். நிலம் தப்பும். மனைவி வீட்டிலேயே இருந்து குருவை வரவழைப்பார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருவார், பணியாட்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார். முதலாம் மோன்டேகு கோமகனும் எலிசபெத் காலத்தில் சில சமயம் அரசு வழிபாட்டுக்குத் தலைகாட்டியவர்தான். அவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. 1559இல் அரசியைத் திருச்சபைத் தலைவராக்கும் சட்டமுன்வரைவுக்குப் பிரபுக்கள் அவையில் எதிராக நின்ற உலகியல் பிரபுக்கள், அதாவது ஆயர் அல்லாதவர்கள், இரண்டே பேர்; அவர்களில் ஒருவர் அவர்.

இந்த ஓட்டையை அடைக்க அரசுக்கு வெகுகாலம் பிடித்தது. 1606ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணின் வாழ்வுரிமைச் சொத்தில் கைவைத்தது: ரெக்யூசன்ட் என்று தீர்ப்பான மனைவி, கணவன் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் அரசுத் திருச்சபைக்கு இணங்கியிருக்காவிட்டால் அந்தச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு போகும், கணவரின் உயிலை நிறைவேற்றும் உரிமையும் போகும். 1610இல் இன்னும் நேரடியாகவே வந்தார்கள்: கணவன் மாதம் 10 பவுண்டு கட்ட வேண்டும், அல்லது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும், இல்லாவிட்டால் மனைவிக்குச் சிறை.

கைம்பெண்ணான பிறகு நிலை மேம்பட்டதா, மோசமானதா?

இரண்டும்தான். திருமண ஒப்பந்தத்தில் எழுதிவைத்த நிலமும் வீடும் ஆயுள் முழுக்க அவர் கைக்கு வரும். முதல் முறையாகச் சொந்த வருமானம், சொந்த வீடு, யாரையும் கேட்காமல் ஆள் வைக்கும் உரிமை. ஆனால் பறிமுதல் செய்யச் சொத்து இருக்கிறது, மறைத்துக்கொள்ளக் கணவர் இல்லை. மாக்டலெனுக்கு அந்த நிலை வந்தபோது வயது 54. அதற்குப் பிறகு அவர் பின்வாங்கவில்லை. கணவர் இருந்தவரை அடக்கமாக நடந்தது, கைம்பெண்ணின் வீட்டில் வெளிப்படையாகவே நடந்தது.

பிரபுக் குடும்பம் என்பதால் சலுகை இருந்ததா?

இருந்தது. அதை மறைத்து எழுதுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். அரசியைத் திருச்சபைத் தலைவராக ஏற்கும் சத்தியப் பிரமாணத்தை 1563ஆம் ஆண்டுச் சட்டம் பலர் மேல் சுமத்தியது. ஆனால் பிரபுக்களுக்கு அதில் விலக்கு. பிரபுவின் மனைவி மேல் மரணதண்டனைக் குற்றம் வந்தால் அவரைப் பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்பது 1442 முதல் சட்டம். இதோடு கோயிலுக்கு யார் வரவில்லை என்று பட்டியல் கொடுக்க வேண்டிய ஊர்க் கோயில் காப்பாளர், பல இடங்களில் அந்தச் சீமாட்டியின் குத்தகைக்காரர். நிலம் கொடுத்தவரின் பெயரை அவர் எப்படி எழுதுவார்?

யார்க் நகரத்து இறைச்சி வணிகரின் மனைவி மார்கரெட் கிளிதரோவுக்கு இவை எதுவும் இல்லை. குருக்களுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். குற்றவாளியா இல்லையா என்று பதில் சொன்னால் தம் பிள்ளைகளே சாட்சி சொல்ல நேரும் என்பதால் வாய் திறக்க மறுத்தார். 1586 மார்ச் 25 அன்று மேலே பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குருக்களுக்காக லண்டனில் வீடு நடத்திய கைம்பெண் ஆன் லைன் 1601 பிப்ரவரி 27 அன்று லண்டனின் தூக்குக்களமான டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டுகளில் மாக்டலென் தம் வீட்டில் மூன்று குருக்களை வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட வீட்டை நடத்துவது எப்படி?

பேட்டில் வீட்டில் எண்பது பேருக்கு மேல் இருந்ததாக அவரது ஆன்ம குரு ரிச்சர்ட் ஸ்மித் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய எல்லாருமே கத்தோலிக்கர். 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே ஒரு ஆள் சரியில்லாவிட்டாலும் வீடு போய்விடும், ஏனென்றால் காட்டிக்கொடுப்பவருக்குப் பங்கு உண்டு: 1581ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு தகவல் கொடுத்து வழக்குப் போட்டவருக்கு. அதனால் ஆட்களைக் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்தே எடுத்தார்கள். தாய் வேலை செய்த வீட்டில் மகள், அவள் மகனுக்குக் குதிரை லாயத்தில் வேலை. சம்பளம் தாமதமானாலும், கோபத்தில் ஒருவரை விரட்டினாலும் ஆபத்து. கோபித்துக்கொண்டு போன பணியாளால் பிடிபட்ட வீடுகள் பல.

வெளிப்பார்வைக்கு எல்லாம் மற்றப் பிரபு வீடுகளைப் போலவே நடக்க வேண்டும். குடும்பத்தின் தலைமை மாளிகையான கௌட்ரேயில், மாக்டலெனின் கணவருடைய பேரன் இரண்டாம் மோன்டேகு கோமகன் 1595இல் எழுதிவைத்த வீட்டு ஒழுங்கு ஏடு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் துணி விரிப்பதற்குக்கூட அதில் முறை உண்டு: பணியாள் தன் கையை முத்தமிட்டு மேசையின் நடுவில் வைத்துக் காட்ட வேண்டும், துணி அந்த இடத்திலிருந்து விரிக்கப்படும். இத்தனை சடங்கும் ஒழுங்கும் உள்ள வீட்டில் யார் எந்த அறையில், எந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்நியர் ஒருவர் தப்பான கதவருகே நின்றால் உடனே தெரிந்துவிடும். காவலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

குரு என்ன பெயரில் வீட்டில் இருப்பார்?

கணக்காளர், வீட்டு ஆசிரியர், தூரத்து உறவினர், விருந்தாளி. கறுப்பு அங்கி கிடையாது. கனவானைப் போல உடை, இடுப்பில் வாள், இரண்டு மூன்று புனைபெயர்கள். வீட்டுப் பெண்களும் பெயர் மாற்றிக்கொண்டார்கள். வோக்ஸ் பிரபுவின் மகள் ஆன் வோக்ஸ், சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் இங்கிலாந்துத் தலைவர் ஹென்றி கார்னட்டுக்காக வாடகைக்கு எடுத்த வீடுகளில் 'திருமதி பெர்கின்ஸ்' என்று இருந்தார்.

மாக்டலெனோடு கடைசிக் காலத்தில் இருந்த குருக்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் தாமஸ் மோர், தலைவெட்டப்பட்ட புனித தாமஸ் மோரின் கொள்ளுப்பேரன். இன்னொருவர் மேலே சொன்ன ரிச்சர்ட் ஸ்மித், பிற்காலத்தில் ஆயர் ஆனவர். அவர் மாக்டலெனின் வாழ்க்கையை லத்தீனில் எழுதி 1609இல் ரோமில் அச்சிட்டார். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் சொன்னது. புகழுரையாகவே எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கூடவே வாழ்ந்தவர், வீட்டின் கணக்கும் வழக்கமும் தெரிந்தவர்.

வீட்டில் திருப்பலிக்கு என்னென்ன தேவை?

முதலில் பீடக்கல். ஆயரால் அர்ச்சிக்கப்பட்ட கல் மேல்தான் திருப்பலி வைக்கலாம், சாதாரண மேசை போதாது. எனவே கையில் தூக்கிப்போகும் அளவில் சிறிய தட்டைக்கல் ஒன்று துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அடுத்து திருக்கிண்ணம்: தண்டைத் திருகிக் கழற்றி இரண்டு மூன்று துண்டாக்கக்கூடிய சிறிய கிண்ணம் ஒளித்துவைக்க வசதி. பிறகு திருவுடை, மெழுகுவத்தி, பூசைப் புத்தகம், கோதுமை அப்பம், திராட்சை ரசம். ரசம் எந்தப் பிரபு வீட்டிலும் இருக்கும், அதனால் சந்தேகம் வராது. அப்பம் வார்க்கும் இரும்பு அச்சு அப்படியல்ல. அது அகப்பட்டால் வேறு விளக்கம் சொல்ல முடியாது.

திருவுடைகளைத் தைத்தது வீட்டுப் பெண்கள். பழைய பட்டுக் கவுனைப் பிரித்துத் தைப்பார்கள். காலத்துக்கு ஏற்ப நிறம் மாற வேண்டும் என்பதால் ஒருபக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொரு நிறம் என இருபுறமும் அணியும்படி தைப்பது உண்டு. ஒளிக்க வேண்டிய துணியும் பாதியாகக் குறைந்தது.

பெரும்பாலும் தவறியது நேரத்தில்தான். குருவும் நற்கருணை (பூசையில் அர்ச்சித்துத் தரும் அப்பம்) வாங்குபவர்களும் நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டும், ஆகவே பூசை விடியற்காலையில். வெளியூரிலிருந்து வருபவர்கள் முந்தின இரவே வந்து தங்கிவிடுவார்கள். லாயத்தில் கூடுதல் குதிரைகள், அறைகளில் கூடுதல் படுக்கைகள்: சோதனைக்காரர்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

பேட்டில் வீட்டை 'சின்ன ரோம்' என்று ஏன் அழைத்தார்கள்?

மாக்டலென் இந்த ஒளிவுமறைவை எல்லாம் தாண்டிப் போனதால். வீட்டுக்குள் நிரந்தரமான சிற்றாலயமே கட்டினார். அழகான கல்பீடம், அதற்கு ஏறிப்போகப் படிகள், சுற்றிலும் கம்பித் தடுப்பு, பாடகர் குழுவுக்கு இடம், மறையுரை மேடை. இங்கிலாந்தில் வேறெங்கும் இப்படி ஒன்று இருக்காது என்று ஸ்மித் வியக்கிறார். அநேகமாக ஒவ்வொரு வாரமும் மறையுரை. பெருவிழாக்களில் இசைக்கருவிகளோடு பாடற்பூசை. சில நேரம் 120 பேர் கூடினார்கள், ஒரே சமயத்தில் 60 பேர் நற்கருணை வாங்கினார்கள். 'சின்ன ரோம்' என்று பெயர் வைத்தது அக்கம்பக்கத்துப் புராட்டஸ்டன்ட்கள்.

இடத்தின் வரலாறும் கவனிக்க வேண்டியது. 1066 ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த களத்தில் எழுந்த துறவுமடம் இது. எட்டாம் ஹென்றி 1538இல் மடத்தை மூடி, மாக்டலெனின் மாமனாருக்குக் கொடுத்தார். மடத்தை ஒழித்ததால் கிடைத்த வீட்டில் மருமகள் மறுபடி பீடம் வைத்தார்.

ஒளிவறைகள் எப்படி வேலை செய்தன? எதனால் தோற்றன?

கட்டுவதில் வல்லவர் நிக்கோலஸ் ஓவன் என்ற சேசு சபைச் சகோதரர், குள்ளமான தச்சர். பகலில் ஊரறியச் சாதாரண மரவேலை, இரவில் தனியாக ஒளிவறை வேலை. ஒன்றைப்போல் இன்னொன்றைக் கட்டமாட்டார். ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் அடுத்த வீட்டில் அந்த அறிவு உதவாது. வூஸ்டர்ஷயரின் ஹார்விங்டன் மாளிகையில் மாடிப்படியின் இரண்டு படிகள் கீலில் தூக்கித் திறக்கும். இன்னொரு அறையில் சுவரின் நிமிர்ந்த உத்தரம் ஒன்று அச்சில் சுழன்று வழிவிடும். அங்கேயே பொய்யான அடுப்புப் புகைபோக்கி ஒன்று மேல்தளத்துக்கு ஏறிப்போகிறது.

சோதனைக்காரர்களின் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். வீட்டை வெளியே அளப்பார்கள், அறைகளை உள்ளே அளப்பார்கள், கணக்கு உதைக்கும் இடத்தைத் தேடுவார்கள். பலகைச் சுவரைத் தட்டிக் கேட்பார்கள், வேண்டுமானால் பெயர்ப்பார்கள். படுக்கையைத் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். 1591 அக்டோபரில் ஆன் வோக்ஸும் அவர் அக்காவும் நடத்திய பாடெஸ்லி கிளின்டன் வீட்டுக்கு விடியற்காலையில் ஆட்கள் வந்தபோது, பணியாட்கள் வாசலில் நிறுத்திப் பேச்சுக்கொடுத்தார்கள். உள்ளே குருக்கள் மெத்தைகளைப் புரட்டிக் குளிர்ந்த பக்கத்தை மேலே வைத்துவிட்டு, பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தில் இறங்கிக் கணுக்கால் அளவு நீரில் நான்கு மணி நேரம் நின்றார்கள். யாரும் பிடிபடவில்லை.

தோல்விக்குப் பெரும்பாலும் கட்டுமானம் காரணமல்ல, உணவும் கழிப்பிடமும்தான். 1606 ஜனவரியில் ஹிண்ட்லிப் மாளிகையைச் சர் ஹென்றி பிராம்லி நூறு ஆட்களோடு சூழ்ந்தார். ஓவனும் இன்னொரு சகோதரரும் நான்காம் நாள் வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் அறையில் இருந்த சாப்பாடு ஒரே ஒரு ஆப்பிள். கார்னட்டும் மற்றொரு குருவும் இருந்த இடத்தில் ஏற்பாடு நன்றாக இருந்தது: அந்த வீட்டுச் சீமாட்டியின் அறைப் புகைபோக்கி வழியாக ஒரு நாணல் குழாய் செருகியிருந்தார்கள், அதில் சூடான கஞ்சி போன்ற பானம் வந்தது. எட்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் அந்த அறையைப் புத்தகமும் பூசைப் பொருளும் அடைத்திருந்ததால் காலை நீட்ட முடியவில்லை, மலசலம் கழிக்க வழியில்லை. அரை நாள் அவகாசம் கிடைத்து அதைக் காலிசெய்து, கழிப்பதற்கு ஒரு பெட்டியும் வைத்திருந்தால் மூன்று மாதம் இருந்திருப்போம் என்று கார்னட் பின்னால் எழுதினார். ஓவன் அந்த மார்ச்சில் லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் சித்திரவதையால் இறந்தார். கட்டிய இடங்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

சீமாட்டியின் ஒரு நாள் எப்படிப் போனது?

குருக்கள் மூவர் இருந்ததால் சில நாள் மூன்று திருப்பலி. அன்னை மரியின் மன்றாட்டு மாலை, மூன்று ஜெபமாலை, ஏழு தவத் திருப்பாடல்கள், இறந்தோர் மன்றாட்டு. வெளியே பட்டு, உள்ளே தவத்துக்காக முரட்டுத் துணிச் சட்டை. நடுவே எண்பது பேர் வீட்டின் கணக்கு, குத்தகைகள், வாசலில் ஏழைகளுக்குப் பிச்சை, பிரசவத்தில் துன்பப்படும் ஏழைப் பெண்களைப் போய்ப் பார்ப்பது.

வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாவிட்டால் பிடிபடமாட்டார்களா?

மாட்டார்கள். மீனவரையும் கப்பற்படையையும் வளர்க்க அரசே மீன் நாள்களைக் கட்டாயமாக்கியிருந்தது. 1563இல் புதன்கிழமையையும் சேர்த்தது. வெள்ளி, சனி, தவக்காலம் எல்லாவற்றிலும் நாடு முழுக்க இறைச்சி தடை.

பிள்ளைகளை என்ன செய்தார்கள்?

அதிகம் வலித்த இடம் இதுதான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் அரசுத் திருச்சபையின் ஏட்டில் பதிவாக வேண்டும். 1606க்குப் பிறகு, பிறந்து ஒரு மாதத்துக்குள் அரசுக் குருவிடம் ஞானஸ்நானம் பெறாவிட்டால் 100 பவுண்டு, வேறு இடத்தில் அடக்கம் செய்தால் 20 பவுண்டு. கத்தோலிக்கக் குருவால் மட்டும் மணம் முடித்தால் மனைவிக்குக் கைம்பெண் சொத்துரிமை போய்விடும். ஆகப் பலர் இரண்டு முறை செய்தார்கள்: இரகசியமாக ஒன்று, ஊரறிய ஒன்று. படிக்க வெளிநாடு அனுப்புவதும் குற்றம், அனுமதியின்றி அனுப்பினால் 100 பவுண்டு. இருந்தும் பையன்கள் புனைபெயரில் கடல் கடந்து டுவே, சாந்தோமர் ஊர்களின் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குப் போனார்கள். பெண்கள் பிளாண்டர்ஸ் கன்னியர் மடங்களுக்கு. துறைமுகத்தில் மாட்டினால் பிள்ளையிடமே பெற்றோரின் பெயரைக் கேட்பார்கள்.

எலிசபெத் ராணியே இவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாராமே?

வந்தார். 1591 ஆகஸ்டில் ஏறக்குறைய ஒரு வாரம் கௌட்ரேயில் தங்கினார். ஒரு காலை உணவுக்கு மட்டும் மூன்று எருதும் 140 வாத்தும் ஆயின. மாக்டலெனின் மகன் ஜார்ஜுக்கும் மருமகன் ராபர்ட் டார்மருக்கும் 'சர்' பட்டம் கொடுத்தார். விசுவாசத்தைக் காட்டக் கோமகனுக்கு இது வாய்ப்பு, கண்காணிக்க அரசுக்கும் வாய்ப்பு. அக்டோபரிலேயே குருக்களையும் அவர்களுக்கு இடம் கொடுப்பவர்களையும் தேடிப்பிடிக்க அரசாணை வந்துவிட்டது.

விசுவாசம் நடிப்பு என்று நினைக்கக் கூடாது. மாக்டலெனின் அண்ணன் லெனார்ட் டேக்கர் 1570இல் வடக்கே படை திரட்டித் தோற்று வெளிநாடு ஓடியவர். அதே ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்றார். மோன்டேகு குடும்பம் இரண்டு பக்கமும் போகவில்லை: நாட்டுக்கு அரசி, மனச்சாட்சிக்கு ரோம் என்று நின்றது.

எல்லாப் பிரபுப் பெண்களும் இப்படித் தப்பினார்களா?

இல்லை. மாக்டலெனின் இன்னொரு அண்ணனின் மகள் ஆன் டேக்கரைப் பாருங்கள். 1557இல் பிறந்தார். பதினான்கு வயதில் நார்ஃபோக் கோமகனின் மகன் பிலிப் ஹவார்டுக்கு மணமுடிக்கப்பட்டார். பின்னால் ஆருண்டெல் சீமாட்டி. 1580களின் தொடக்கத்தில் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். உடனே அரசியின் ஆணைப்படி சஸெக்ஸின் விஸ்டன் மாளிகையில் சர் தாமஸ் ஷெர்லியின் காவலில் வைக்கப்பட்டார். முதல் குழந்தை எலிசபெத் பிறந்தது அந்தக் காவலில்தான்.

1584இல் கணவரும் கத்தோலிக்கரானார். 1585 ஏப்ரலில் கடல் தாண்டித் தப்பப் பார்த்தபோது பிடிபட்டு டவருக்குப் போனார். 10,000 பவுண்டு அபராதம், 1589இல் மரணதண்டனைத் தீர்ப்பு. நிறைவேற்றவில்லை, விடுவிக்கவும் இல்லை. 1585 ஜூலையில் பிறந்த மகன் தாமஸை அவர் பார்த்ததே இல்லை. சாகும் தறுவாயில் மனைவியையும் மகனையும் பார்க்க அனுமதி கேட்டார். ஒரே ஒரு முறை அரசு வழிபாட்டுக்கு வந்தால் அதுவும் உண்டு, பட்டமும் சொத்தும் திரும்பக் கிடைக்கும் என்று அரசி சொல்லியனுப்பினார். மறுத்துவிட்டு 1595 அக்டோபர் 19 அன்று இறந்தார். 1970இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

சொத்தெல்லாம் போன அந்த நிலையிலும் ஆன் சும்மா இருக்கவில்லை. சேசு சபைக் கவிஞர் ராபர்ட் சௌத்வெல்லுக்கு வீட்டில் இடம் கொடுத்தார். சிறையில் இருந்த பிலிப்புக்காக சௌத்வெல் எழுதிய ஆறுதல் மடல்கள் இரகசியமாக அச்சாகி நாடெங்கும் போயின. பிற்காலத்தில் மருந்து தயாரித்து ஏழைகளுக்குக் கொடுத்தார், பிளாண்டர்ஸின் கென்ட் நகரில் சேசு சபை இல்லம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தார், 1630இல் இறந்தார்.

அத்தைக்கும் மருமகளுக்கும் என்ன வேறுபாடு? அத்தையின் கணவர் அரசியின் நம்பிக்கையை இழக்காமல் இறந்தார், வீடு சட்டப்படி அவர் மனைவி கைக்கு வந்தது. மருமகளின் கணவர் வாளேந்தும் வயதில், அரச ரத்தத்தோடு, கத்தோலிக்கரானார். அரசு பயந்தது பெண்ணின் ஜெபமாலையைப் பார்த்து அல்ல, அவள் பின்னால் நிற்கக்கூடிய ஆணைப் பார்த்து.

வெடிமருந்துச் சதிக்குப் பிறகு மாக்டலென் தப்பியது எப்படி?

1605 நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்தைத் தகர்க்கும் திட்டம் வெளிப்பட்டது. பிடிபட்ட கை ஃபாக்ஸ், இளம் வயதில் மோன்டேகு வீட்டில் பணியாளாக இருந்தவர். இரண்டாம் கோமகன் டவரில் அடைக்கப்பட்டார். 1606ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்தக் கோபத்தில் பிறந்தவை. அவற்றின் வேகத்தில் மாக்டலென் மேலும் கோயிலுக்கு வராத வழக்கு வந்தது. 1607 ஏப்ரலில் மன்னரின் ஆலோசனைச் சபை தலையிட்டது: அவர் பிரபுப் பெண், வயது முதிர்ந்தவர், முந்தைய அரசிக்கு விசுவாசமாக இருந்ததால் அக்காலத்தில் ஒருபோதும் தொந்தரவு செய்யப்படவில்லை, ஆகவே நடவடிக்கையை நிறுத்துக என்று அரசு வழக்கறிஞருக்கு எழுதியது. 1608 ஜனவரியில் பக்கவாதம் தாக்கியது. ஏப்ரல் 8 அன்று பேட்டிலில் இறந்தார்.

இன்று எதைப் போய்ப் பார்க்கலாம்?

கௌட்ரே 1793 செப்டம்பரில் எரிந்தது, மிட்ஹர்ஸ்ட் ஊர் அருகே இடிபாடு நிற்கிறது. குடும்பக் கல்லறைச் சிற்பம் பக்கத்து ஈஸ்பர்ன் கோயிலில் இருக்கிறது: மேலே கோமகன் முழந்தாளிட்டிருக்க, கீழே ஜேனும் மாக்டலெனும் படுத்த கோலத்தில். முன்பு மிட்ஹர்ஸ்ட் கோயிலில் இருந்தது, 1851இல் மாற்றினார்கள். பேட்டில் மடமும் போர்க்களமும் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. ஒளிவறைகளைப் பார்க்க வேண்டும் என்றால் ஹார்விங்டனுக்கே போங்கள்.

படிக்கும்போது தேதிகள் ஒத்துவராமல் குழப்புகிறதே?

இங்கிலாந்தில் அன்று சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை நடந்ததைப் பழைய ஆவணங்கள் முந்தின ஆண்டாக எழுதும். ஹிண்ட்லிப் சோதனை அன்றைய கணக்கில் 1605 ஜனவரி, நம் கணக்கில் 1606. அதைப் பார்த்துவிட்டு, சோதனை சதிக்கு முன்பே நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மோன்டேகு கோமகன்கள் இருவருக்கும் பெயர் ஆண்டனி என்பதும் ஒரு தொல்லை: மாக்டலெனின் கணவர் 1592 அக்டோபர் 19 அன்று இறந்தவர், வெடிமருந்துச் சதியில் சிறைப்பட்டவர் முதல் மனைவி ஜேனின் வழியில் வந்த பேரன். அதே அக்டோபர் 19 அன்று மூன்று ஆண்டு கழித்து இறந்த பிலிப் ஹவார்டோடும் சிலர் முதலாமவரைக் குழப்பிக்கொள்கிறார்கள்.